விச், ஹூம் இவற்றுக்கு முன்னால் எந்தப் பிரிபொசிஷன் வரும், ஏன் வரும்?

'நான் வசிக்கும் வீடு' என்கிறோம். 'வீட்டில் வசிக்கிறேன்' என்பதில் இருந்த 'இல்' இங்கே இல்லை. 'கத்தியால் பழம் நறுக்கினேன்' என்பது 'நான் பழம் நறுக்கிய கத்தி' ஆகும்போது 'ஆல்' உதிர்ந்துவிடுகிறது. 'நண்பரிடம் பேசினேன்' என்பது 'நான் பேசிய நண்பர்' ஆகும்போது 'இடம்' உதிர்கிறது. பெயரெச்சம் வந்ததும் வேற்றுமை உருபு விலகிக்கொள்வது தமிழின் இயல்பு. வீட்டுக்கும் வசிப்பதற்கும் என்ன உறவு என்பதைக் கேட்பவரே புரிந்துகொள்கிறார்.

ஆங்கிலத்தில் அந்த உறவைச் சொல்லியே ஆகவேண்டும். 'தி ஹவுஸ் விச் ஐ லிவ்' என்று எழுதினால் அது பிழை. 'இன்' எங்காவது ஓரிடத்தில் வரவேண்டும்: 'தி ஹவுஸ் இன் விச் ஐ லிவ்'. விச், ஹூம் போன்ற ரிலேட்டிவ் ப்ரோனவுன்களுக்கு (முன்னால் சொன்ன பெயரைச் சுட்டி வாக்கியங்களை இணைக்கும் சொற்களுக்கு) முன்னால் வரும் இந்தச் சின்னச் சொல்லை, அதாவது இன், டு, ஃப்ரம் போன்ற பிரிபொசிஷனை, நாம் தவறவிடுவதற்கும், தேவையில்லாத இடத்தில் நுழைப்பதற்கும், இரண்டு முறை எழுதிவிடுவதற்கும் வேர் ஒன்றுதான். தமிழில் உருபு மறைந்துவிடுவதால், அதைத் தேடிப் பார்க்கும் பழக்கம் நமக்கு இல்லை.

மறைவதால் தமிழில் சில சமயம் பொருளும் இரண்டாகப் பிரிகிறது. 'அவர் வந்த ஊர்' என்றால் எந்த ஊரிலிருந்து வந்தாரோ அந்த ஊரா, எந்த ஊருக்கு வந்தாரோ அந்த ஊரா? இரண்டும் ஆகலாம். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்: 'தி டவுன் ஃப்ரம் விச் ஹி கேம்' அல்லது 'தி டவுன் டு விச் ஹி கேம்'.

வாக்கியத்தை இரண்டாகப் பிரித்தல்

'இது நான் வசிக்கும் வீடு' என்பதை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். முதலில் இரண்டு தனி வாக்கியங்களாகப் பிரியுங்கள்.

திஸ் இஸ் தி ஹவுஸ்.
ஐ லிவ் இன் தி ஹவுஸ்.

இரண்டாவது வாக்கியத்தில் 'தி ஹவுஸ்' என்பதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'விச்' போடுங்கள்: 'ஐ லிவ் இன் விச்'. இப்போது 'இன் விச்' என்ற இரண்டு சொற்களையும் பிரிக்காமல் ஒரே அலகாகத் தூக்கி முன்னால் கொண்டுவாருங்கள்: 'இன் விச் ஐ லிவ்'. அதை முதல் வாக்கியத்தின் 'ஹவுஸ்' என்ற சொல்லை ஒட்டி வையுங்கள்.

திஸ் இஸ் தி ஹவுஸ் இன் விச் ஐ லிவ்.

இந்த முறையில் பிரிபொசிஷனை யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. அது இரண்டாவது வாக்கியத்தில் ஏற்கெனவே இருக்கிறது. இருந்ததை முன்னால் நகர்த்துகிறோம், அவ்வளவுதான். இரண்டாவது வாக்கியத்தைச் சரியாக எழுதத் தெரிந்தால் இணைந்த வாக்கியமும் சரியாக வரும். அங்கே தடுமாறினால், சிக்கல் 'விச்' என்ற சொல்லில் இல்லை. அந்த வினைச்சொல் எந்தப் பிரிபொசிஷனை எடுக்கும் என்பது தெரியாததில்தான் இருக்கிறது.

தமிழிலேயே இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. பெயரெச்சத்தை விட்டுவிட்டு 'எந்த... ஓ, அந்த...' என்ற அமைப்பில் சொல்லிப் பாருங்கள். 'எந்த வீட்டில் வசிக்கிறேனோ அந்த வீடு', 'எந்தக் கத்தியால் நறுக்கினேனோ அந்தக் கத்தி', 'யாரிடம் பேசினேனோ அவர்'. உதிர்ந்த உருபு திரும்பி வந்துவிடுகிறது. 'எந்த வீட்டில்' என்பது 'இன் விச்', 'எந்தக் கத்தியால்' என்பது 'வித் விச்', 'யாரிடம்' என்பது 'டு ஹூம்'. ஏதோ ஓர் உருபு வந்தால், ஆங்கிலத்திலும் ஒரு பிரிபொசிஷன் தேவைப்படலாம் என்பதற்கு அது முதல் அறிகுறி. 'படலாம்' என்று சொல்லக் காரணம் இருக்கிறது; அதைப் பின்னால் பார்ப்போம்.

'ஹவுஸ் என்றால் இன் விச்' என்று மனப்பாடம் செய்வது பலரிடம் உள்ள பழக்கம். அது உதவாது. ஒரே வீட்டை வைத்துப் பாருங்கள். 'தி ஹவுஸ் டு விச் வி மூவ்ட்' என்பது நாங்கள் குடிபெயர்ந்த வீடு. 'தி ஹவுஸ் ஃப்ரம் விச் தி ஸ்மோக் கேம்' என்பது புகை வந்த வீடு. 'தி ஹவுஸ் ஃபார் விச் ஷி பெய்ட்' என்பது அவள் பணம் செலுத்திய வீடு. 'தி ஹவுஸ் பிஹைண்ட் விச் தே ஹிட்' என்பது அவர்கள் பின்னால் ஒளிந்துகொண்ட வீடு. பெயர்ச்சொல் மாறவே இல்லை. உள்ளே நடக்கும் செயல் மாறியதால் பிரிபொசிஷன் மாறியது.

முதல் வாக்கியத்தில் வரும் பிரிபொசிஷனை இதனோடு குழப்பிக்கொள்ளவும் கூடாது. 'ஐ வென்ட் டு தி ஆஃபீஸ் இன் விச் ஷி வொர்க்ஸ்' என்பதில் 'டு' நான் போனதற்கு உரியது, 'இன்' அவள் வேலை செய்வதற்கு உரியது. ஏற்கெனவே ஒரு 'டு' வந்துவிட்டதே என்று 'இன்' சொல்லை விட்டுவிடுவதும், 'டு' சொல்லையே 'விச்' முன்னால் மறுபடி போடுவதும் அடிக்கடி நடக்கும் பிழைகள்.

முன்னால் பிரிபொசிஷன் வந்தால் எந்தச் சொற்களுக்கு இடம் உண்டு

பொருள்களுக்கும் விலங்குகளுக்கும் 'விச்'. மனிதர்களுக்கு 'ஹூம்'. உடைமையைச் சொல்ல 'ஹூஸ்'. இந்த மூன்று மட்டும்தான். 'தி பெர்சன் டு ஹூ ஐ ஸ்போக்' என்று எழுதக் கூடாது. பிரிபொசிஷனுக்கு அடுத்து 'ஹூ' வராது, 'ஹூம்' வரும். 'தி ஹவுஸ் இன் தட் ஐ லிவ்' என்பதும் முழுப் பிழை. 'தட்' என்ற சொல் மற்ற இடங்களில் 'விச்' சொல்லுக்குப் பதிலாக வருவதால் இங்கேயும் வரும் என்று தோன்றும், ஆனால் பிரிபொசிஷனை ஒட்டி அது நிற்கவே நிற்காது.

'ஹூஸ்' வரும்போது அதன் பின்னால் உள்ள பெயர்ச்சொல்லும் சேர்ந்தே நகரும். 'வி ஸ்டேய்ட் இன் தி டீச்சர்ஸ் ஹவுஸ்' என்பதிலிருந்து 'தி டீச்சர் இன் ஹூஸ் ஹவுஸ் வி ஸ்டேய்ட்' கிடைக்கிறது. 'இன் ஹூஸ் ஹவுஸ்' என்ற மூன்று சொற்களும் ஒரே கட்டு.

கடைசியில் விட்டாலும் சரியே

'இன்' சொல்லை முன்னால் கொண்டுவராமல் அதன் இடத்திலேயே விட்டுவிடவும் ஆங்கிலம் அனுமதிக்கிறது. 'தி ஹவுஸ் விச் ஐ லிவ் இன்', 'தி ஹவுஸ் தட் ஐ லிவ் இன்', 'தி ஹவுஸ் ஐ லிவ் இன்' மூன்றும் சரி. பிரிபொசிஷன் கடைசியில் நின்றால் 'தட்' சொல்லுக்கும் இடம் உண்டு, ரிலேட்டிவ் ப்ரோனவுனையே விட்டுவிடவும் உரிமை உண்டு. பேச்சில் 'தி மேன் ஹூ ஐ ஸ்போக் டு' என்று 'ஹூ' வருவதும் இயல்பு.

பேச்சிலும் நண்பர்களுக்கு எழுதும் செய்தியிலும் கடைசியில் விடுவதுதான் காதுக்கு இயல்பாக இருக்கும். 'தி ஃபிரெண்ட் ஐ வென்ட் வித்' என்று சொல்வார்கள். 'தி ஃபிரெண்ட் வித் ஹூம் ஐ வென்ட்' என்று பேச்சில் சொன்னால் விறைப்பாக ஒலிக்கும். ஆய்வுக் கட்டுரை, சட்ட ஆவணம், அலுவலகக் கடிதம் ஆகியவற்றில் முன்னால் வைப்பது பொருந்தும். தேர்வில் எழுதும் கட்டுரைக்கும் அதையே பரிந்துரைப்பேன்.

வாக்கியத்தைப் பிரிபொசிஷனில் முடிக்கக் கூடாது என்று வகுப்பறைகளில் இன்றும் சொல்லித்தரப்படுகிறது. அதை நம்ப வேண்டாம். 1672ஆம் ஆண்டில் ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரைடன், தமக்கு முந்தைய நாடகாசிரியர் பென் ஜான்சனின் வரியொன்று பிரிபொசிஷனில் முடிவதைக் குறையாகச் சுட்டினார். 1762இல் ராபர்ட் லோத் தம் இலக்கண நூலில் நிதானமாகவே எழுதினார்: கடைசியில் விடுவது உரையாடலுக்குப் பொருந்தும், முன்னால் வைப்பது கண்ணியமான நடைக்குப் பொருந்தும் என்பது அவர் கருத்து. பின்னால் வந்தவர்கள் இதைத் தடையாக இறுக்கினார்கள். 1926இல் அகராதியாளர் ஹென்றி ஃபௌலர் அந்தத் தடையை மூடநம்பிக்கை என்றே எழுதிவிட்டார். பிரிபொசிஷனைக் கடைசியில் விடும் வழக்கம் பழைய ஆங்கிலக் காலத்திலிருந்தே இருக்கிறது. முன்னால் இழுத்து வருவதற்கு 1967இல் மொழியியலாளர் ஜான் ராபர்ட் ராஸ் தம் ஆய்வேட்டில் 'பைட் பைப்பிங்' என்று பெயரிட்டார். குழலூதுபவன் பின்னால் எலிகள் போன நாட்டுப்புறக் கதையிலிருந்து வந்த பெயர் அது. 'விச்' முன்னால் போகும்போது பிரிபொசிஷனும் கூடவே போகிறது.

இரண்டு இடங்களில் எதையும் தேர்ந்தெடுக்கலாம், இரண்டிலும் வைக்கக் கூடாது. 'தி ஹவுஸ் இன் விச் ஐ லிவ் இன்' என்பது தவறு. நீளமான வாக்கியங்களில் இது எளிதாக நுழைந்துவிடும், ஏனென்றால் முன்னால் போட்ட 'இன்' நினைவிலிருந்து நழுவி, வினைச்சொல்லை எழுதியதும் கை தானாக இன்னொரு 'இன்' எழுதிவிடுகிறது. எழுதி முடித்ததும் 'விச்' முன்னால் ஒரு முறை, வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒரு முறை கண்ணோட்டிப் பாருங்கள். 'தி ஹவுஸ் விச் ஐ லிவ் இன் இட்' என்பதும் தவறு. 'இட்' நிற்க வேண்டிய இடத்தை 'விச்' ஏற்கெனவே நிரப்பிவிட்டது.

'டியூரிங்' போன்ற சில பிரிபொசிஷன்களைக் கடைசியில் விட்டால் வாக்கியம் தள்ளாடும். 'தி மீட்டிங் டியூரிங் விச் ஹி ஸ்லெப்ட்' என்று முன்னால் வைப்பதே நல்லது.

தமிழ் உருபு வழிதவறச் செய்யும் இடங்கள்

பிழைகள் அதிகம் விளைவது இங்கேதான் என்பதால் சற்று நின்று பார்க்கலாம்.

'கூட்டத்தில் கலந்துகொண்டேன்' என்கிறோம். 'எந்தக் கூட்டத்தில்' என்ற சோதனையில் 'இல்' வருகிறது. உடனே 'தி மீட்டிங் இன் விச் ஐ அட்டெண்டட்' என்று எழுதத் தோன்றும். தவறு. 'அட்டெண்ட்' என்ற வினைச்சொல் பிரிபொசிஷன் எடுப்பதில்லை. 'ஐ அட்டெண்டட் தி மீட்டிங்' என்றுதான் வரும். ஆகவே 'தி மீட்டிங் விச் ஐ அட்டெண்டட்' என்பதே சரி. அதே கருத்தை 'பார்ட்டிசிபேட்' என்ற சொல்லால் எழுதினால் 'இன்' தேவை: 'தி மீட்டிங் இன் விச் ஐ பார்ட்டிசிபேட்டட்'. தமிழில் ஒரே 'கலந்துகொள்'. ஆங்கிலத்தில் எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தோம் என்பதைப் பொறுத்து அமைப்பு மாறுகிறது.

'அறைக்குள் நுழைந்தார்' என்பதில் 'உள்' இருக்கிறது, ஆனால் 'என்டர்' நேரடியாக வரும்: 'தி ரூம் விச் ஹி என்டர்ட்'. 'விஷயத்தைப் பற்றி விவாதித்தோம்' என்பதில் 'பற்றி' இருக்கிறது, ஆனால் 'டிஸ்கஸ்' நேரடியாக வரும்: 'தி மேட்டர் விச் வி டிஸ்கஸ்ட்'. 'அபவுட் விச் வி டிஸ்கஸ்ட்' என்பது மிகப் பரவலான பிழை. ரீச், விசிட், மேரி, காண்டாக்ட், அப்ரோச், ரிசெம்பிள் ஆகியவையும் இதே குடும்பம். 'தி சிட்டி வேர் ஐ விசிட்டட்' என்பதும் இதனால்தான் தவறு. 'விசிட்' நேரடியாக நகரத்தை எடுத்துக்கொள்வதால் 'தி சிட்டி விச் ஐ விசிட்டட்' என்றே எழுத வேண்டும்.

நுட்பமான ஓரிடமும் இருக்கிறது. வினைச்சொல் பிரிபொசிஷன் எடுக்காவிட்டாலும் அதன் பெயர்ச்சொல் வடிவம் எடுக்கக்கூடும். 'ஆன்சர்' வினையாக வந்தால் 'தி கொஸ்டின் விச் ஐ ஆன்சர்ட்'. பெயராக வந்தால் 'ஆன்சர் டு எ கொஸ்டின்' என்று வருவதால் 'தி கொஸ்டின் டு விச் ஐ நோ தி ஆன்சர்'. 'டிஸ்கஸ்' வினைக்குப் பிரிபொசிஷன் வேண்டாம்; 'டிஸ்கஷன்' என்றால் 'தி மேட்டர் அபவுட் விச் வி ஹேட் எ டிஸ்கஷன்'.

எதிர்த்திசையிலும் சறுக்கல் உண்டு. தமிழில் இரண்டாம் வேற்றுமை 'ஐ' வரும் இடத்தில் ஆங்கிலம் ஒரு பிரிபொசிஷனைக் கேட்கும். 'பாட்டைக் கேட்டேன்', 'சாவியைத் தேடினேன்', 'படத்தை உற்றுப் பார்த்தேன்'. ஆங்கிலத்தில் இவை முறையே லிசன் டு, சர்ச் ஃபார், லுக் அட். எனவே 'தி சாங் டு விச் ஐ லிசன்ட்', 'தி கீ ஃபார் விச் ஐ சர்ச்ட்', 'தி பிக்சர் அட் விச் ஐ லுக்ட்'. 'லிசன்' என்பதற்குப் பதிலாக 'ஹியர்' போட்டால் பிரிபொசிஷனே வேண்டாம்: 'தி சாங் விச் ஐ ஹெர்ட்'.

ஆகவே, தமிழ் உருபு ஓர் எச்சரிக்கை மணி மட்டும். முடிவு எப்போதும் ஆங்கில வினைச்சொல்லிடம் இருக்கிறது. ஒரு புதிய வினைச்சொல்லைக் கற்கும்போதே அதன் பிரிபொசிஷனையும் சேர்த்து எழுதிவைப்பது நல்லது: டிபெண்ட் ஆன், பிலாங் டு, வெய்ட் ஃபார், அப்ளை ஃபார், டீல் வித், ரெஃபர் டு, கன்சிஸ்ட் ஆஃப். பெயரடைகளும் அப்படியே: அஃப்ரெய்ட் ஆஃப், ப்ரௌட் ஆஃப், இன்ட்ரஸ்டட் இன், ரெஸ்பான்சிபிள் ஃபார். 'அவர் பெருமைப்படும் மகள்' என்பது 'தி டாட்டர் ஆஃப் ஹூம் ஹி இஸ் ப்ரௌட்'.

முன்னால் இழுக்கக் கூடாதவை

'கிவ் அப்' என்றால் கைவிடு. 'அப்' இங்கே 'மேலே' என்ற பொருளில் இல்லை. 'கிவ்' சொல்லோடு ஒட்டி ஒரே பொருளைத் தருகிறது. அதைப் பிய்த்து 'தி பிளான் அப் விச் ஹி கேவ்' என்று எழுதினால் பொருளே சிதறிவிடும். 'தி பிளான் விச் ஹி கேவ் அப்' என்று விட்டுவிட வேண்டும். 'லுக் ஆஃப்டர்' என்றால் பார்த்துக்கொள். 'தி சைல்ட் ஹூம் ஷி லுக்ஸ் ஆஃப்டர்' சரி, 'ஆஃப்டர் ஹூம் ஷி லுக்ஸ்' கூடாது. 'கம் அக்ராஸ்', 'புட் அப் வித்' ஆகியவையும் அப்படியே வினையோடு கிடக்கட்டும்.

வினைச்சொல்லைத் தனியாக எடுத்தால் அதே பொருள் தருகிறதா என்று கேளுங்கள். 'ஐ லிவ் இன் தி ஹவுஸ்' என்பதில் 'லிவ்' தனியாகவும் வசிப்பதையே குறிக்கிறது, 'இன்' நகரலாம். 'லுக் ஆஃப்டர்' என்பதில் 'லுக்' தனியாக நின்றால் கண்ணால் பார்ப்பதாகிவிடும். 'ஆஃப்டர்' நகரக் கூடாது. மூன்று சொல் கொண்ட 'லுக் ஃபார்வர்ட் டு' மட்டும் கொஞ்சம் இளகியது. அதில் கடைசி 'டு' மட்டும் முன்னால் வரும், 'ஃபார்வர்ட்' வினையோடு நிற்கும்: 'தி டிரிப் டு விச் வி ஆர் லுக்கிங் ஃபார்வர்ட்'.

பெயர்ச்சொல்லே முடிவு செய்யும் இடங்கள்

பெயர்ச்சொல்லை வைத்து மனப்பாடம் செய்ய வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு ஒரு விலக்கு. காலம், வேகம், அளவு, முறை போன்றவற்றைக் குறிக்கும் பெயர்கள் தமக்கென்று ஒரு பிரிபொசிஷனை வைத்திருக்கின்றன. வினைச்சொல் என்னவாக இருந்தாலும் பெரும்பாலும் அதுதான் வரும்.

நாளுக்கு 'ஆன்': 'தி டே ஆன் விச் ஷி ஜாயின்ட்'. மாதத்துக்கும் ஆண்டுக்கும் 'இன்': 'தி இயர் இன் விச் தி வார் எண்டட்'. கணத்துக்கு 'அட்': 'தி மொமென்ட் அட் விச் தி லைட்ஸ் வென்ட் அவுட்'. இவை தனி வாக்கியத்தில் 'ஆன் மண்டே', 'இன் மே', 'அட் தட் மொமென்ட்' என்று வருவதன் நீட்சிதான்.

வேகம், வெப்பநிலை, வயது, விலை, உயரம் என்று ஓர் அளவுகோலில் ஒரு புள்ளியைச் சுட்டும் சொற்களுக்கு 'அட்'. 'தி ஸ்பீட் அட் விச் லைட் டிராவல்ஸ்', 'தி டெம்பரேச்சர் அட் விச் வாட்டர் பாய்ல்ஸ்'. 'எக்ஸ்டென்ட்', 'டிகிரி' இரண்டுக்கும் 'டு'. 'ஈஸ்', 'ஃப்ரீக்வென்சி' இரண்டுக்கும் 'வித்': 'தி ஈஸ் வித் விச் ஷி சால்வ்ட் இட்', அவள் அதைத் தீர்த்த லாவகம். 'கண்டிஷன்ஸ்' வந்தால் 'அண்டர்', 'பேசிஸ்' வந்தால் 'ஆன்', 'ப்ராசஸ்', 'மெத்தட்' வந்தால் 'பை', 'வே', 'டைரக்ஷன்' வந்தால் 'இன்', 'பர்ப்பஸ்' வந்தால் 'ஃபார்'. ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு இந்தப் பத்தி அன்றாடம் கைகொடுக்கும். புதிய பெயர் ஒன்று எதிர்ப்பட்டால் அதைத் தனியாகச் சொல்லிப் பாருங்கள்: 'அட் எ ஹை ஸ்பீட்', 'டு சம் எக்ஸ்டென்ட்', 'வித் ஈஸ்'. அங்கே வருவதே 'விச்' முன்னாலும் வரும்.

இடத்துக்கு 'இன் விச்', 'அட் விச்' என்பதற்குப் பதிலாக 'வேர்', காலத்துக்கு 'வென்', காரணத்துக்கு 'ஒய்' என்று எழுதலாம். அப்போது பிரிபொசிஷன் அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கிவிட்டது. 'தி ஹவுஸ் வேர் ஐ லிவ்' சரி. 'தி ஹவுஸ் வேர் ஐ லிவ் இன்' தவறு, 'தி ஹவுஸ் இன் வேர் ஐ லிவ்' அதைவிடத் தவறு. 'வே' என்ற சொல்லோடு மட்டும் 'ஹவ்' சேராது. 'தி வே ஹவ் ஹி ஸ்பீக்ஸ்' என்று எழுதாதீர்கள்; 'தி வே இன் விச் ஹி ஸ்பீக்ஸ்' அல்லது வெறும் 'தி வே ஹி ஸ்பீக்ஸ்'. டே, டைம், வே, ரீசன் போன்ற பொதுவான பெயர்களில் இப்படிப் பிரிபொசிஷன், விச் இரண்டையும் சேர்த்து விட்டுவிடுவது உண்டு: 'தி டே வி மெட்', 'தி ரீசன் ஷி லெஃப்ட்'. வீட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. 'தி ஹவுஸ் ஐ லிவ்' ஒருநாளும் சரியாகாது.

எத்தனை பேர், எவ்வளவு பங்கு

'எனக்கு மூன்று சகோதரர்கள், அவர்களில் இருவர் மருத்துவர்கள்.' இதை 'ஐ ஹேவ் த்ரீ பிரதர்ஸ், டூ ஆஃப் தெம் ஆர் டாக்டர்ஸ்' என்று எழுதுவது தவறு. இரண்டு முழு வாக்கியங்களைக் காற்புள்ளி மட்டும் வைத்து ஒட்ட முடியாது. 'தெம்' எடுத்துவிட்டு 'ஹூம்' போட்டால் அதுவே ஒட்டும் வேலையைச் செய்துவிடும்: 'ஐ ஹேவ் த்ரீ பிரதர்ஸ், டூ ஆஃப் ஹூம் ஆர் டாக்டர்ஸ்'. 'தெம்' வேண்டுமென்றால் முன்னால் 'அண்ட்' போடுங்கள். பொருள்களுக்கு 'விச்': 'ஷி பாட் டென் புக்ஸ், ஃபோர் ஆஃப் விச் ஆர் இன் ஃப்ரெஞ்ச்'. சம், மெனி, மோஸ்ட், ஆல், நன், போத், ஈச் ஆகியவையும் இதே இடத்தில் வரும். முன்னால் காற்புள்ளி கட்டாயம். 'மோஸ்ட் ஆஃப் விச்' வந்தால் வினை எதைப் பார்க்கிறது என்று கவனியுங்கள்: புத்தகங்கள் என்றால் 'ஆர்', தண்ணீர் என்றால் 'இஸ்'.

'இன் விச் கேஸ்', 'அட் விச் பாயிண்ட்', 'பை விச் டைம்' மூன்றும் தனி வகை. இவை ஒரு பெயரைச் சுட்டுவதில்லை, முன்னால் சொன்ன நிலைமை முழுவதையும் சுட்டுகின்றன. 'ஹி மே பி லேட், இன் விச் கேஸ் வி வில் ஸ்டார்ட் வித்தவுட் ஹிம்.' அவர் தாமதமாகலாம், அப்படியானால் அவர் இல்லாமலே தொடங்குவோம்.

எழுவாய் இல்லாத குறுகிய வடிவம்

'உட்கார ஒரு நாற்காலி' என்பது 'எ சேர் டு சிட் ஆன்'. 'ஆன்' இல்லாமல் 'எ சேர் டு சிட்' என்று விடக் கூடாது. நாற்காலியின் மேல்தானே உட்காருகிறோம்? 'எழுத ஒரு பேனா' என்றால் 'எ பென் டு ரைட் வித்', 'எழுத ஒரு தாள்' என்றால் 'எ பேப்பர் டு ரைட் ஆன்', 'எழுத ஒரு தலைப்பு' என்றால் 'எ டாபிக் டு ரைட் அபவுட்'. தமிழில் மூன்றும் 'எழுத' என்றே நிற்கின்றன. சற்று கனமான நடையில் 'எ சேர் ஆன் விச் டு சிட்' என்றும் எழுதலாம். ஆனால் 'விச்' வந்தால் பிரிபொசிஷன் முன்னால் வந்தே ஆகவேண்டும். 'எ சேர் விச் டு சிட் ஆன்' கூடாது.

சில பயிற்சிகள்

'அவள் பயப்படும் நாய்.' தனி வாக்கியம்: 'ஷி இஸ் அஃப்ரெய்ட் ஆஃப் தி டாக்'. எனவே 'தி டாக் ஆஃப் விச் ஷி இஸ் அஃப்ரெய்ட்', பேச்சில் 'தி டாக் ஷி இஸ் அஃப்ரெய்ட் ஆஃப்'.

'அவன் குதித்த சுவர்.' எழுதுமுன் நடந்தது என்ன என்று கேளுங்கள். தாண்டிக் குதித்தால் 'ஓவர் விச்', மேலிருந்து குதித்தால் 'ஃப்ரம் விச்', கீழிருந்து அதன்மேல் ஏறிக் குதித்தால் 'ஆன்டு விச்'.

'அவர் மணந்துகொண்ட பெண்.' 'மேரி' நேரடியாக வரும், 'வித்' வேண்டாம்: 'தி வுமன் ஹூம் ஹி மேரிட்'.

'நான் விண்ணப்பித்த வேலை.' 'அப்ளை ஃபார்' என்பதால் 'தி ஜாப் ஃபார் விச் ஐ அப்ளைட்'. அந்த விண்ணப்பத்தை அனுப்பிய நிறுவனத்தைச் சொல்வதாக இருந்தால் 'தி கம்பெனி டு விச் ஐ அப்ளைட்'. வினை ஒன்றே, வேலைக்கு 'ஃபார்', நிறுவனத்துக்கு 'டு'.

'நான் உதவி கேட்ட அலுவலர்.' யாரிடம் கேட்டேன் என்ற கேள்வி 'டு ஹூம்' என்று எழுதத் தூண்டும். ஆனால் 'ஆஸ்க்' என்ற வினை, கேட்கப்படும் ஆளை நேரடியாக எடுத்துக்கொள்கிறது: 'ஐ ஆஸ்க்ட் தி ஆஃபீசர் ஃபார் ஹெல்ப்'. ஆகவே 'தி ஆஃபீசர் ஹூம் ஐ ஆஸ்க்ட் ஃபார் ஹெல்ப்'. இங்கே 'ஃபார்' உதவிக்கு உரியது, அலுவலருக்கு உரியது அல்ல. அதனால் அது இருந்த இடத்திலேயே இருக்கும். கேட்ட உதவியைப் பற்றிப் பேசினால்தான் அது நகரும்: 'தி ஹெல்ப் ஃபார் விச் ஐ ஆஸ்க்ட்'.